மலிவு விலையில் சி.ஆர்.டி. மானிட்டர்: பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கணினிக்கான சி.ஆர்.டி. மானிட்டர்கள், அதாவது கண்ணாடிப் படக்குழாய் கொண்ட பழைய பெட்டி மானிட்டர்கள், இப்போது கடைகளுக்குப் புதிதாக வருவதில்லை. உங்கள் கைக்குக் கிடைப்பது வேறொருவரின் மேசையில் பல ஆண்டுகள் ஓடியதாகவே இருக்கும். ஒரே மாடலைச் சேர்ந்த இரண்டு மானிட்டர்களை அருகருகே வைத்தால் ஒன்று எழுத்துகளைக் கூர்மையாகக் காட்டுவதையும், மற்றொன்று அதே எழுத்துகளை மங்கலாகவும் மூலைகளில் நிறம் பிரிந்தும் காட்டுவதையும் பார்க்கலாம். மாடலின் பெயரை வைத்து நீங்கள் தேடிப் படிக்கும் பாராட்டுகள் பெரும்பாலும் அது புதிதாக இருந்த காலத்தில் எழுதப்பட்டவை என்பதால், உங்கள் முன்னால் இருக்கும் அந்த ஒரு பெட்டியை நீங்களே சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் தேடி அலைந்த நாட்களில், எதைச் சோதிக்க வேண்டும், எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதை ஒரே இடத்தில் சொல்பவர் யாரும் கிடைக்கவில்லை. விற்பவர்கள் "படம் வருகிறது" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அன்றாடம் மணிக்கணக்கில் திரையைப் பார்த்துப் படிக்கவும் எழுதவும் வேண்டியவருக்குப் படம் வருவது மட்டும் போதாது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. அளவையும் இடத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

அன்றாடப் பயன்பாட்டுக்கு 17 அங்குலம் பொருத்தமானது என்பது என் கருத்து. 15 அங்குலத்தில் 800×600 தெளிவுத்திறனுக்கு மேல் எழுத்துகள் நெருக்கமாகிவிடும். 19 அங்குலம் படிப்பதற்கு மிக நன்றாக இருக்கும். ஆனால் அதன் எடை 20 கிலோவைத் தாண்டும், 21 அங்குலமோ 30 கிலோவை ஒட்டியிருக்கும். 17 அங்குல மானிட்டரே 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். அதன் ஆழம் 40 சென்டிமீட்டருக்கு மேல் என்பதால், திரைக்கும் கண்ணுக்கும் இடையே 50 முதல் 70 சென்டிமீட்டர் விட்டபின் மேசையில் இடம் மிஞ்சுகிறதா என்று வீட்டிலேயே அளந்து பார்த்துவிடுங்கள்.

விளம்பரத்தில் சொல்லப்படும் அங்குலம் படக்குழாயின் மூலைவிட்ட அளவு. அதன் ஓரம் சட்டகத்துக்குள் மறைந்துவிடுவதால், 17 அங்குல மானிட்டரில் கண்ணுக்குத் தெரியும் பகுதி ஏறத்தாழ 16 அங்குலமாகவே இருக்கும். 19 அங்குலத்தில் அது 18.

2. லேபிளையும் கையேட்டையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்

நேரில் போவதற்கு முன்பே, பின்பக்க லேபிளைப் படமெடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். மாடல் எண், தயாரிக்கப்பட்ட மாதமும் ஆண்டும், ஏற்கும் மின்னழுத்தம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் அதில் இருக்கும். மின்னழுத்தத்தைக் கட்டாயம் கவனியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் எங்கும் இயங்கும். ஒரே மின்னழுத்தத்துக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருந்து அது உங்கள் வீட்டு மின்சாரத்தோடு ஒத்துப்போகாவிட்டால், கனமான மின்மாற்றி ஒன்றையும் சேர்த்து வாங்க வேண்டிவரும். எம்.பி.ஆர். 2 அல்லது டி.சி.ஓ. முத்திரை இருந்தால் நல்லது. திரையைச் சுற்றி எழும் மின்புலமும் காந்தப்புலமும் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கும்படி அது தயாரிக்கப்பட்டது என்பதற்கு அவை அடையாளம்.

மாடல் எண் கிடைத்ததும் அதன் கையேட்டைத் தேடி எடுங்கள். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் வரும் அட்டவணையில் உங்களுக்குத் தேவையானவை மூன்று: கிடைமட்ட ஸ்கேன் வேகம் (கிலோஹெர்ட்ஸ்), செங்குத்து ஸ்கேன் வேகம் (ஹெர்ட்ஸ்), டாட் பிட்ச் (மில்லிமீட்டர்). கிடைமட்ட ஸ்கேன் வேகம் என்பது ஒரு நொடியில் வரையப்படும் வரிகளின் எண்ணிக்கை. செங்குத்து ஸ்கேன் வேகம் என்பது ஒரு நொடியில் திரை முழுவதும் எத்தனை முறை வரையப்படுகிறது என்பது; அதைத்தான் நாம் ரெஃப்ரெஷ் ரேட் என்று சொல்கிறோம்.

டாட் பிட்ச் என்பது திரையில் ஒரே நிறப் புள்ளிகள் இரண்டுக்கு இடையிலுள்ள தூரம். அது 0.28 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் 17 அங்குலத்தில் 1024×768 நன்றாகத் தெரியும். இந்த எண்ணை ஒப்பிடும்போது கவனம் தேவை. ஷேடோ மாஸ்க் (திரைக்குப் பின்னால் உள்ள துளைகள் கொண்ட உலோகத் தகடு) குழாய்களில் இதைச் சாய்வாக அளப்பார்கள். சோனி ட்ரினிட்ரான், மிட்சுபிஷி டயமண்ட்ரான் போன்ற கம்பிவலைக் குழாய்களில் கிடைமட்டமாக அளப்பார்கள். சாய்வாக அளந்த 0.28 என்பது கிடைமட்டத்தில் ஏறத்தாழ 0.24 ஆகிவிடும் என்பதால், முன்னதில் 0.28 என்றும் பின்னதில் 0.25 என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்த்து இரண்டாவதுதான் கூர்மையானது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

3. ரெஃப்ரெஷ் ரேட்டைக் கணக்கிடுங்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மலிவு மானிட்டர்களை வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான்.

விளம்பரங்கள் "1280×1024 வரை காட்டும்" என்று பெருமையாகச் சொல்லும். எத்தனை ஹெர்ட்ஸில் காட்டும் என்பதைச் சொல்லாது. சி.ஆர்.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் ஒருகணம் ஒளிர்ந்து மங்கிவிடுகிறது. எலக்ட்ரான் கற்றை மீண்டும் அங்கே வரும்போதுதான் மறுபடி ஒளிர்கிறது. 60 ஹெர்ட்ஸில், அதிலும் வெள்ளைப் பின்னணியில், இந்தத் துடிப்பைப் பலரின் கண் உணர்ந்துவிடும். சிறிது நேரத்தில் கண் எரிச்சலும் தலைவலியும் வரும். 75 ஹெர்ட்ஸ் பலருக்குப் போதும். மணிக்கணக்காகப் படிக்க 85 ஹெர்ட்ஸ் வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கணக்கு எளிது. தெளிவுத்திறனில் இரண்டாவதாக வரும் எண்ணை, அதாவது வரிகளின் எண்ணிக்கையை, ரெஃப்ரெஷ் ரேட்டால் பெருக்குங்கள். கற்றை கீழிருந்து மேலே திரும்பும் நேரத்துக்காக ஐந்து சதவீதம் கூட்டுங்கள். கிடைப்பதுதான் தேவையான கிடைமட்ட ஸ்கேன் வேகம். 1024×768 தெளிவுத்திறனில் 85 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 768×85 = 65,280; ஐந்து சதவீதம் கூட்டினால் சுமார் 68.5 கிலோஹெர்ட்ஸ். மானிட்டரின் உச்ச வரம்பு 70 கிலோஹெர்ட்ஸ் என்றிருந்தால் இது நடக்கும். அதே மானிட்டரில் 1280×1024 தெளிவுத்திறனை 75 ஹெர்ட்ஸில் ஓட்ட 80 கிலோஹெர்ட்ஸ் தேவைப்படும் என்பதால் அது நடக்காது. 60 ஹெர்ட்ஸில்தான் ஓடும். விளம்பரத்தில் இருந்த அந்தப் பெரிய எண் உங்களுக்குப் பயன்படாது என்பது இப்போது தெரிந்துவிடும்.

என் அளவுகோல் இது: 17 அங்குலத்துக்கு உச்ச வரம்பு குறைந்தது 70 கிலோஹெர்ட்ஸ், 19 அங்குலத்துக்கு 95 கிலோஹெர்ட்ஸ். முதலாவதில் 1152×864 தெளிவுத்திறனும் 75 ஹெர்ட்ஸில் கிடைக்கும். இரண்டாவதில் 1280×1024 தெளிவுத்திறனை 85 ஹெர்ட்ஸில் ஓட்டலாம். உச்ச வரம்பு 54 கிலோஹெர்ட்ஸ் உள்ள சிறிய மானிட்டர்களில் 800×600 மட்டுமே 85 ஹெர்ட்ஸில் வரும் என்பதால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எழுத்து வேலைக்கு அவற்றை எடுக்க வேண்டாம்.

இன்னொன்று: 1280×1024 என்பது 5:4 விகிதம், திரையோ 4:3. அதை அப்படியே திரை முழுவதும் நிரப்பினால் வட்டங்கள் சற்றுச் சப்பையாகத் தெரியும். 1280×960 தேர்ந்தெடுத்தால் வடிவம் சரியாக இருக்கும், ஸ்கேன் வேகமும் குறைவாகவே தேவைப்படும்.

4. மானிட்டரின் விலைக்கு அப்பால் வரும் செலவுகள்

இலவசமாகக் கிடைக்கும் மானிட்டருக்கும் செலவு உண்டு. முதலில், உங்கள் கணினியில் அனலாக் வெளியீடு இருக்கிறதா என்று பாருங்கள். நீலநிற 15 முள் வி.ஜி.ஏ. துளை இருந்தால் கவலையில்லை. டி.வி.ஐ. துளை மட்டும் இருந்தால், அதிலுள்ள தட்டையான நீண்ட பிளவைச் சுற்றி நான்கு சிறு துளைகள் உள்ளனவா என்று கவனியுங்கள். இருந்தால் அனலாக் சைகையும் வரும், சாதாரண இணைப்பானே போதும். அவை இல்லாவிட்டாலோ, எச்.டி.எம்.ஐ. அல்லது டிஸ்ப்ளே போர்ட் மட்டுமே இருந்தாலோ, உள்ளே மாற்றுச் சில்லு உள்ள அடாப்டர் வேண்டும்.

அடாப்டரில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றுவது ஒன்று, வி.ஜி.ஏ.விலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறொன்று. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும், எதிர்த்திசையில் வேலை செய்யாது. அடுத்து, அடாப்டரின் உச்ச பிக்சல் வேகத்தை, அதாவது ஒரு நொடியில் அது அனுப்பக்கூடிய புள்ளிகளின் எண்ணிக்கையை, பாருங்கள். 1024×768, 85 ஹெர்ட்ஸுக்கு 94.5 மெகாஹெர்ட்ஸ் போதும். 1280×1024, 85 ஹெர்ட்ஸுக்கு 157.5 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். 1600×1200, 75 ஹெர்ட்ஸுக்கு 202.5 மெகாஹெர்ட்ஸ் தேவை என்பதால் மலிவான அடாப்டர்கள் பல அங்கே தோற்றுவிடும்.

மின்சாரச் செலவு தொடர்ந்து வருவது. 17 அங்குல மானிட்டர் பொதுவாக 70 முதல் 100 வாட் வரை இழுக்கும். 80 வாட் என்று கொண்டு நாளுக்கு 6 மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு 14 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். 25 வாட் இழுக்கும் தட்டைத் திரையில் அதே பயன்பாட்டுக்கு நாலரை யூனிட்தான். இந்த வித்தியாசத்தை உங்கள் கட்டணத்தால் பெருக்கி, ஓராண்டுக்குக் கணக்கிட்டு, மானிட்டரின் விலையோடு சேர்த்துப் பாருங்கள். மலிவு என்பது அப்போதும் மலிவாகத் தெரிந்தால் மேலே செல்லுங்கள். வண்டி வாடகையையும் சேர்க்க மறக்க வேண்டாம். கூரியரில் அனுப்பச் சொல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: படக்குழாயின் கழுத்துப் பகுதி மெல்லிய கண்ணாடி, கனமான முகப்பு ஒருபுறம் இழுக்க, ஒரே வீழ்ச்சியில் அது போய்விடும்.

5. எடுத்துச் செல்ல வேண்டியவை

மடிக்கணினி ஒன்று, அதற்கேற்ற அடாப்டர், நல்ல நிலையிலுள்ள வி.ஜி.ஏ. கேபிள், மென்மையான உலர்ந்த துணி, அளவு நாடா ஆகியவை போதும். மடிக்கணினியில் சோதனைப் படங்களை முன்பே சேமித்துக்கொள்ளுங்கள்: முழு வெள்ளை, முழு கறுப்பு, முழு சிவப்பு, முழு பச்சை, முழு நீலம், கறுப்பில் வெள்ளைக் கட்டங்கள், நடுவில் ஒரு பெரிய வட்டம், திரை முழுவதும் சிறிய எழுத்துகள். இவற்றை மானிட்டரின் தெளிவுத்திறனுக்கு ஏற்ற அளவில் வரைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிதாக்கப்பட்ட படத்தின் மங்கலை மானிட்டரின் மங்கலாக எண்ணிவிடுவீர்கள்.

மானிட்டருடன் நிலையாகப் பொருத்தப்பட்ட கேபிளில் முட்கள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மேலிருந்து இரண்டாவது வரிசையில் ஒரு முள் இல்லாதிருப்பது பல கேபிள்களில் இயல்பு. அதைக் குறையாகக் கருத வேண்டாம். கேபிளில் வழக்கமான 15 முள் இணைப்பு இல்லாமல் மூன்று தடித்த வட்டங்கள் கொண்ட இணைப்பு இருந்தால், அது பழைய பணிநிலையக் கணினிகளுக்கு உரியது. அவற்றில் பல ஒரே ஸ்கேன் வேகத்தில் மட்டும் இயங்குபவை. குழாய் மிக நல்லதாக இருந்தாலும், புதியவர்கள் அவற்றை விட்டுவிடுவதே நல்லது.

6. அரைமணி நேரம் ஓடவிடுங்கள்

நீங்கள் போய்ச் சேரும் நேரத்தில் மானிட்டர் அணைந்திருக்க வேண்டும் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குளிர்ந்த நிலையிலிருந்து அது எப்படி எழுகிறது என்பதைப் பார்ப்பது அவசியம். இயக்கியதும் "தும்" என்ற ஒலி வந்தால், திரையில் சேர்ந்த காந்தத்தை நீக்கும் டிகாஸ் சுருள் வேலை செய்கிறது என்று பொருள். படம் சில நொடிகளில் தெரியத் தொடங்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிடங்கள் வரை மங்கலாகவோ ஒரு நிறச் சாயலோடோ இருந்து மெல்ல மெல்லத் தெளிந்தால், எலக்ட்ரான் துப்பாக்கிகளில் எலக்ட்ரான்களை உமிழும் பாகமான கேத்தோடு தேய்ந்துவிட்டது என்பதற்கு அது அறிகுறி.

மற்றச் சோதனைகளை 20 முதல் 30 நிமிடங்கள் ஓடிய பிறகே செய்யுங்கள். நிறம், ஃபோகஸ், படத்தின் அளவு மூன்றும் சூடேறிய பிறகுதான் நிலைபெறும். இந்த நேரத்தைக் கொடுக்க விற்பவர் மறுத்தால், சூடேறிய பின் ஏதோ குறை தெரியும் என்றே எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

7. குழாயின் வயதைக் கண்டறியுங்கள்

முழு கறுப்புப் படத்தைக் காட்டி, பிரைட்னஸை நடுவில் வைத்து, அறையை இருட்டாக்குங்கள். திரை கறுப்பாக இருக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் ஒளிர்ந்தாலோ, சாய்ந்த மெல்லிய கோடுகள் தெரிந்தாலோ, உள்ளே ஒரு மின்னழுத்தம் விலகியிருக்கிறது. அதைத் திருத்தத் தேர்ந்த பழுதுபார்ப்பவர் வேண்டும். அடுத்து முழு வெள்ளை. கான்ட்ராஸ்டை உச்சத்துக்குக் கொண்டுபோய்த்தான் போதிய வெளிச்சம் கிடைக்கிறது என்றால் குழாயின் ஆயுள் பெரிதும் கழிந்துவிட்டது. அன்றாடம் பயன்படுத்த வேண்டிய மானிட்டர் பாதிக்குச் சற்று மேலே வைத்தாலே பகல் வெளிச்சத்தில் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

வெள்ளைப் படத்திலேயே முன்பு நிலையாக இருந்த பட்டைகள், எழுத்துகள், சின்னங்கள் நிழலாகத் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். திரையின் ஒளிரும் பூச்சான பாஸ்பரில் பதிந்த இந்தத் தழும்பை எந்த வழியிலும் நீக்க முடியாது. அலுவலகங்களிலும் கடைகளிலும் ஒரே மென்பொருளை ஓட்டிய மானிட்டர்களில் இதை அடிக்கடி காணலாம்.

8. கூர்மையும் வடிவமும்

சிறிய எழுத்துகள் நிறைந்த படத்தைக் காட்டி, நடுவையும் நான்கு மூலைகளையும் மாறி மாறிப் படியுங்கள். மூலைகளில் சற்றே மென்மையாக இருப்பது பெரும்பாலான குழாய்களில் இயல்பு. படிக்கவே சிரமமாக இருந்தால் ஏற்க வேண்டாம். திரை முழுவதும் ஒரே அளவு மங்கலாக இருந்தால், உள்ளிருக்கும் ஃபோகஸ் திருகைச் சரிசெய்தால் தெளியக்கூடும். விற்பவர் அதைச் சொல்லிச் சமாதானப்படுத்தினால், தெளியவைத்துக் காட்டிய பிறகே வாங்குவதாகச் சொல்லுங்கள். நீங்களாகப் பெட்டியைத் திறக்க வேண்டாம். குழாயில் 25,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும்.

பிறகு வெள்ளைக் கட்டங்கள். கோடுகளின் ஓரத்தில் சிவப்போ நீலமோ தனியாகப் பிரிந்து தெரிந்தால், சிவப்பு, பச்சை, நீலத்துக்கான மூன்று கற்றைகளும் ஒரே இடத்தில் சேரவில்லை. நடுவில் பிரிவு தெரியவே கூடாது. மூலையில் அரை மில்லிமீட்டருக்கு எட்டினால் எழுத்துகளைச் சுற்றி நிற விளிம்பு உறுத்தத் தொடங்கும். சில மானிட்டர்களின் மெனுவில் இதைத் திருத்தும் வசதி உண்டு. ஆனால் அது பெரும்பாலும் முழுத் திரையையும் சேர்த்து நகர்த்துமே தவிர, ஒரு மூலையை மட்டும் சரிசெய்யாது.

கோடுகள் வளைந்திருப்பதையும் படம் சாய்ந்திருப்பதையும் கண்டு உடனே நிராகரிக்க வேண்டாம். இவற்றில் பலவற்றை மெனுவிலிருந்தே திருத்திவிடலாம். தெளிவுத்திறனை மாற்றினால் இவை மாறிவிடும் என்பதால், நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் அளவிலும் ரெஃப்ரெஷ் ரேட்டிலும் வைத்தே பாருங்கள்.

ட்ரினிட்ரான் வகைக் குழாய்களில் வெள்ளைப் பின்னணியில் தெரியும் ஒன்றிரண்டு மெல்லிய கிடைமட்டக் கோடுகள் பழுதல்ல. கம்பிவலை அதிராமல் இருக்கப் பொருத்தப்பட்ட தாங்குகம்பிகளின் நிழல் அது. சிலருக்கு ஒரு வாரத்தில் கண்ணிலிருந்து மறைந்துவிடும், சிலருக்குக் கடைசிவரை உறுத்தும். நீங்கள் எந்த வகை என்று வாங்குமுன் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, முழு வெள்ளையையும் முழு கறுப்பையும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே சட்டகக் கோட்டை வரைந்திருந்தால் வேறுபாடு எளிதில் தெரியும். வெள்ளை வரும்போது படம் ஓரிரு மில்லிமீட்டர் விரிவது பொறுத்துக்கொள்ளக் கூடியது. ஒவ்வொரு முறையும் படம் உப்பிச் சுருங்கினால் அதன் மின்வழங்கிப் பகுதி தளர்ந்துவிட்டது.

9. நிறக்கறையும் ஒலியும்

முழு சிவப்புப் படத்தில் ஏதேனும் ஒரு மூலை ஆரஞ்சாகவோ ஊதாவாகவோ தெரிந்தால், முதலில் அருகிலுள்ள ஒலிபெருக்கிகளை அகற்றிவிட்டு மெனுவில் டிகாஸ் செய்யுங்கள். கறை போய்விட்டால் பிரச்சினை இல்லை. போகவில்லை என்றால் உடனே மறுபடி அழுத்துவதில் பயனில்லை. உள்ளிருக்கும் பாகம் குளிர்ந்தால்தான் அது முழு வலுவுடன் இயங்கும் என்பதால், அரைமணி நேரம் கழித்து முயலுங்கள். அதற்கும் மசியாத கறை உள்ளிருக்கும் மாஸ்க் வளைந்திருப்பதால் வந்ததாக இருக்கக்கூடும். அப்படிப்பட்ட மானிட்டர் வேண்டாம்.

அறையை அமைதியாக்கிக் கேளுங்கள். தெளிவுத்திறன் மாறும்போது வரும் "டக்" ஒலி இயல்பானது. ஓடும்போது இடையிடையே வெடிப்பது போன்ற ஒலியோ, கருகும் மணமோ வந்தால் உடனே அணைத்துவிடுங்கள், பேரமும் பேச வேண்டாம்.

திரையைக் கைப்பேசியில் படமெடுத்தால் கறுப்புப் பட்டைகள் விழும். அது கேமராவின் வேகமும் திரையின் வேகமும் ஒத்துப்போகாததால் வருவது. விற்பவர் அனுப்பும் படங்களில் இதைப் பார்த்து அஞ்ச வேண்டாம்; அதேபோல், அந்தப் படங்களை வைத்துக் கூர்மையை மதிப்பிடவும் வேண்டாம்.

10. ரசீது, வண்டி, முதல் நாள்

ரசீதில் மாடல் எண், வரிசை எண், திருப்பித் தரும் காலம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஒரு வாரமாவது கேளுங்கள். சூடேறிய பிறகு ஓரிரு மணி நேரம் கழித்துத் தலைகாட்டும் குறைகளும் உண்டு. திருப்பித் தர முடியாது என்றால் அதற்கேற்பவே விலை பேச வேண்டும்.

தூக்கும்போது திரை உங்கள் மார்பைப் பார்த்திருக்கட்டும். எடையின் பெரும்பகுதி முன்புறத்தில்தான் இருக்கிறது. 19 அங்குலத்துக்கு இரண்டாவது ஆள் கட்டாயம். காரில் பின் இருக்கையில், திரை இருக்கையின் முதுகைப் பார்க்கும்படி வைத்து பெல்ட்டால் கட்டுங்கள். குளிரான இடத்திலிருந்து வெப்பமான அறைக்குக் கொண்டுவந்தால், உள்ளே ஈரம் படிந்திருக்கும் என்பதால் சில மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுங்கள்.

திரையைத் துடைக்க நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். கண்ணாடி துடைக்கும் திரவங்களிலுள்ள அம்மோனியாவும் ஆல்கஹாலும் ஒளிப்பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சை உரித்துவிடும். பின்பக்கக் காற்றுத் துளைகள் மீது எதையும் வைக்காதீர்கள்.

கணினியை இணைத்ததும் திரை அமைப்புகளில் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். பெரும்பாலும் அது 60 ஹெர்ட்ஸில்தான் நின்றிருக்கும்; நீங்கள் கணக்கிட்டு வைத்த வேகத்துக்கு அதைக் கையால் மாற்ற வேண்டும். மானிட்டரின் வரம்பைத் தாண்டிய வேகத்தைத் தேர்ந்தெடுத்தால் நவீன மாடல்கள் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும், மிகப் பழையவை பழுதடையக்கூடும். ஆகவே கையேட்டிலுள்ள எண்களுக்குள்ளேயே இருங்கள். டிரைவர் புதுப்பிப்புகளுக்குப் பிறகு இந்த அமைப்பு மீண்டும் 60 ஹெர்ட்ஸுக்குத் திரும்பிவிடலாம் என்பதால், ஒருநாள் காரணமின்றிக் கண் வலித்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.